ரங்கூன் நாள்கள் – 23: கண்ணைக் கொடுத்த ஊர், கிட்னியை விற்ற ஊர்

சென்ற இதழில் மொகல் தெருவின் லேவாதேவிக் கடைகளோடு நிறுத்தியிருந்தோம். நெல்வயலில் விளைந்த வட்டியெல்லாம் காரைக்குடிப் பக்கம் தேக்கு உத்தரங்களாகவும் சலவைக்கல் தளங்களாகவும் மாறிப்போனதே, ரங்கூனில் எதுவுமே தங்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. தங்கியது. 1871-ல் தமிழர்கள் எழுப்பிய காளி கோயில் தங்கியது. மருத்துவமனைகளும் தங்கின. கோயிலைப் பற்றி எழுதிய அளவுக்கு நம்மவர்கள் மருத்துவமனைகளைப் பற்றி எழுதவில்லை. இந்த அத்தியாயம் அங்கிருந்து கிளம்பி வேறெங்கோ போய்ச் சேரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ரங்கூன் நகரில் 4 லட்சம் பேர். அதில் 2,12,000-க்கும் மேற்பட்டோர் இந்தியர். கப்பலில் மூட்டை இறக்கிய தெலுங்கர்கள், அரிசி ஆலைகளில் வேலை பார்த்த தமிழர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், கணக்கெழுதியவர்கள், சாக்கடை சுத்தம் செய்தவர்கள் என்று எல்லாத் தரப்பும் அதற்குள் அடக்கம். ஒரே அறையில் முறைபோட்டுத் தூங்கிய கூலிகளுக்கு நோய் வந்தால் போக்கிடம் ஏது? அரசாங்கத்தின் பெரியாஸ்பத்திரி ஒன்று இருந்தது. 1911-ல் எழுந்து நின்ற அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடம், யாங்கோன் பொது மருத்துவமனை என்ற பெயரில் போஜோ ஆங் சான் சாலையில் இன்றும் நிற்கிறது. அது போதாமல் போகவே 1921-ல் ராமகிருஷ்ண மிஷன் துறவிகள் ரங்கூனின் கிழக்குப் பகுதியில் சேவாசிரமம் என்ற இலவச மருத்துவமனையை நடத்தத் தொடங்கினார்கள். 1937-ல் முஸ்லிம் இலவச மருத்துவமனை வந்தது. இரண்டுக்கும் பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்திய வியாபாரிகள். படுக்கையில் கிடந்தவர்கள் எல்லா இனத்தாரும்.

பணம் கொடுப்பது பழைய வழக்கம். உடம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது புதிது. கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்தப் பிரிவுகளைப் பற்றிய கட்டுரையை வியன்னாவில் வெளியிட்டது 1901-ல். 1921-ல், ரங்கூனில் சேவாசிரமம் தொடங்கிய அதே ஆண்டில், லண்டனில் பெர்சி ஆலிவர் என்ற செஞ்சிலுவைத் தொண்டர் ஒரு மருத்துவமனையின் அவசர அழைப்புக்கு ஆளனுப்பி, ரத்தம் கொடுப்போர் பட்டியல் ஒன்றுக்கு அடிபோட்டார். அழைத்தால் வர ஆள் இருந்தார்களே தவிர, ரத்தத்தைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு வரப் பல ஆண்டுகள் ஆயின. நம் பக்கத்தில் அதை அவசரப்படுத்தியது போர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டன. 1942-ல் கல்கத்தாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பில் ரத்தவங்கி இயங்கத் தொடங்கியபோது, ரங்கூன் இந்தியர்கள் லட்சக்கணக்கில் அரக்கான் மலைகளிலும் மணிப்பூர்ப் பாதையிலும் நடந்துகொண்டிருந்தார்கள். ரங்கூன் ராமகிருஷ்ண மிஷன் கிளையின் செயலாளராகவும் நூலகராகவும் இருந்த சுவாமி ரங்கநாதானந்தரும் அகதிகளோடு அகதியாக நடந்தே வந்தவர்தான். கேரளத்தில் பிறந்த அவர் பின்னாளில் அந்த மடத்துக்கே தலைவரானார்.

போர் முடிந்த பிறகு ரத்தவங்கி என்ற ஏற்பாடு பர்மாவுக்கும் வந்தது. ஊசியையும் புட்டியையும் வெளியிலிருந்து கொண்டுவந்துவிடலாம். கையை நீட்டும் மனசு உள்ளூரில் இருந்தாக வேண்டும். பர்மாவில் அது ஏற்கெனவே இருந்தது. இதை மருத்துவத் துறையின் சாதனையாக எழுதும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். மடாலயத்தில் சிறுவயதில் காதில் விழுந்த கதைகள் செய்த வேலையை அதிகாரிகள் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

தேரவாத பௌத்தத்தில் போதிசத்துவர் நிறைவேற்ற வேண்டிய பாரமிகள் பத்து. அவற்றில் முதலாவது தானம். அதிலும் மூன்று படி வைத்திருக்கிறார்கள் உரையாசிரியர்கள். பொருளைக் கொடுத்தால் அது பாரமி. கைகால் கண் என்று உறுப்பைக் கொடுத்தால் உபபாரமி. உயிரையே கொடுத்தால் பரமத்த பாரமி. உறுப்புதானம் என்றால் என்ன என்று பர்மியக் கிராமத்தானுக்குப் புதிதாக விளக்க வேண்டியதே இல்லை; தானத்தின் இரண்டாம் வகுப்பு அது.

கதையும் கைவசம் இருந்தது. ஜாதகக் கதைகளில் 499-ஆவது சிவி ஜாதகம். கொடுத்துக் கொடுத்துச் சலித்த சிவி மன்னனுக்கு, வெளிப்பொருளைக் கொடுப்பதில் திருப்தி இல்லை; யாராவது என் உடம்பைக் கேட்க மாட்டார்களா என்று ஏங்குகிறான். சக்கன், அதாவது நம் இந்திரன், குருட்டு அந்தணனாக வந்து கண்ணைக் கேட்கிறான். மன்னன் சீவகன் என்ற வைத்தியனை அழைத்துக் கண்களை எடுக்கச் சொல்கிறான். வைத்தியன் மருந்துப் பொடி வைக்கிறான், நிறுத்துகிறான், யோசித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறான், மறுபடி வைக்கிறான். வேதனையும் குருதியும் எதுவும் மறைக்கப்படாத கதை அது. அறுவைக்கு முன் நோயாளியிடம் சம்மதம் கேட்டு நிற்கும் மருத்துவரை நான் முதன்முதலில் சந்தித்தது இந்தக் கதையில்தான்.

அதே சிபியை நாம் வேறுவிதமாக அறிவோம். புறாவுக்காகத் துலாக்கோலில் தன் தசையை வைத்த சிபி, சோழர்களின் முன்னோன். கண்ணகியே பாண்டியன் அவையில் அவன் செயலைச் சொல்லித்தான் தன் ஊரை அறிமுகம் செய்துகொள்கிறாள். அங்கும் சோதிக்க வந்தவன் இந்திரன்தான். கண்ணுக்கு நம்மிடம் கண்ணப்ப நாயனார் இருக்கிறார். ரங்கூனில் கூடிய தமிழ்ச் சைவர் காளத்தி வேடனின் கதையோடு வந்தார்; பக்கத்து வீட்டுப் பர்மியர் சிவி அரசனின் கதையோடு இருந்தார். இரு கதையிலும் கண் பெயர்க்கப்படுகிறது. என்ன வித்தியாசம் என்றால், திண்ணன் கொடுத்தது கடவுளுக்கு. சிவி கொடுத்தது தெருவில் வந்த குருடனுக்கு. கண்வங்கிக்குப் பயன்படும் கதை எது என்பது தெளிவு.

இலங்கையில் இதைக் கண்கூடாகச் செய்துகாட்டியவர் ஹட்சன் சில்வா. மருத்துவ மாணவராக இருந்தபோதே பத்திரிகையில் எழுதிக் கண்களைக் கேட்ட அவர், 1961-ல் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். சொந்தத் தாய் இறந்தபோது அவருடைய கருவிழிகளை ஏழை ஒருவருக்குப் பொருத்தினார். 1964-ல் இலங்கையிலிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் விமானம் ஏறின. முன்னாள் அதிபர் ஜே. ஆர். ஜெயவர்தனா 1996-ல் இறந்தபோது அவர் கண்கள் ஜப்பானுக்குப் போயின. இதே 1996-ல் பர்மிய ராணுவ அரசு கண்தானச் சட்டம் கொண்டுவந்தது. கருவிழி விஷயத்தில் சென்னைக்கும் ஒரு முந்திய இடம் உண்டு: ரங்கூனை ஜப்பானியரிடமிருந்து மீட்ட 1945-லேயே எழும்பூர் கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா இந்தியாவின் முதல் கண்வங்கியைத் தொடங்கிவிட்டார். தொடங்கியதில் முந்தினோம், கொடுப்பதில் இலங்கைக்காரர்கள் நம்மைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ரத்தத்துக்கு வருவோம். யாங்கோனின் நடுவில் நிற்கும் ஷ்வேடகோன், புத்தரின் எட்டுத் தலைமுடிகளை வைத்துக் கட்டியது என்பது ஐதீகம். உடம்பின் துளியை வணங்கும் ஊர் அது. கோபுரத்தைச் சுற்றிக் கிழமைக்கொரு மூலை இருக்கும். புதன்கிழமையை முற்பகல் பிற்பகல் என்று இரண்டாகப் பிரித்திருப்பதால் மொத்தம் எட்டு. பிறந்தநாளன்று தன் கிழமை மூலைக்குப் போய்ச் சிலைக்கு நீர் ஊற்றுவார்கள், பிக்குகளுக்குச் சோறு போடுவார்கள், கூண்டுப் பறவையை வாங்கிப் பறக்கவிடுவார்கள். அந்த வரிசையில் ரத்தம் கொடுப்பதும் சேர்ந்துகொண்டது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ரத்தம் கொடுப்பவர்கள், ஒரு மடாலயத்தைச் சேர்ந்தவர்கள் கூட்டமாய் வந்து கொடுப்பது, காவியுடை பிக்குகளே கட்டிலில் படுத்துக் கையை நீட்டுவது எல்லாம் அந்நகரில் செய்தியே ஆகாத காட்சிகள். தானம் முடிந்ததும் சொட்டுச் சொட்டாக நீர் வார்த்து, பூமித்தாயைச் சாட்சி வைத்து, கிடைத்த புண்ணியத்தை எல்லா உயிர்களுக்கும் பங்கு வைப்பது பர்மிய வழக்கம். சுற்றி நிற்பவர்கள் சாது, சாது, சாது என்பார்கள். நம் செப்பேடுகளில் மன்னர்கள் நீர் வார்த்து நிலம் கொடுத்ததுபோல.

இதே காலத்தில் சென்னையிலும் பம்பாயிலும் என்ன நடந்துகொண்டிருந்தது? ரத்தம் விற்பது ஒரு பிழைப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, பாட்டிலுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் வேறு பெயரில் வந்து கொடுத்தவர்கள் இருந்தார்கள். காமன் காஸ் அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்த பிறகே, 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது இந்தியாவில் முடிவுக்கு வந்தது. நம்மை அதட்டி நிறுத்த ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

பர்மாவை மெச்சுவதோடு நிறுத்தினால் அது சரித்திரம் ஆகாது. புண்ணியம் தேடிக் கொடுப்பவர் தான் விரும்பிய நாளில் வருவார். நோயாளிக்கோ தேதி கிடையாது. சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் ஐந்தாறு வாரம் வைக்கலாம். தட்டணுக்கள் ஐந்து நாளுக்கு மேல் தாங்கா. டெங்கு வரும் மழைக்காலத்தில் தட்டணு வேண்டும். யாங்கோனிலோ மின்சாரம் பாதி நாள் இருக்காது. இன்னொரு தேவை ஆண்டு முழுவதும் ஓயாது. பர்மியரில் ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட ரத்தநிறமி பரவலாக இருப்பதை 1950-களிலேயே ஹெர்மன் லேமனும் கூட்டாளிகளும் எழுதினார்கள். மலேரியாவோடு வாழ்ந்து பழகிய மக்களிடம் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்ட மரபு அது. அது தலசீமியா மரபோடு ஒரே குழந்தையில் சேர்ந்தால், கடுமையான வகையில் அக்குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. யாரோ முகம் தெரியாத நூற்றுக்கணக்கானோரின் பிறந்தநாள்கள் சேர்ந்து அந்த ஒரு குழந்தையை வளர்க்கின்றன.

இங்கே இந்தியத் தெருக்களுக்கு ஒரு தனி இடம் உண்டு. பர்மியரிலும் சீனரிலும் ஆர்எச் நெகடிவ் ரத்தம் நூற்றுக்கு ஒருவரிடம்கூட இராது. தென்னிந்தியரில் நூற்றுக்கு ஐந்து பேர்வரை இருப்பார்கள். ஆகவே யாங்கோனில் ஒருவருக்கு நெகடிவ் ரத்தம் வேண்டும் என்றால், கணக்குப்படி, நம்மவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் ரத்தத்தைத்தான் பார்த்தது, வேறு மாதிரி. 1823-க்கு முன்பே மூதாதையர் பர்மாவில் குடியிருந்த இனத்தாருக்கே பிறப்பால் முழுக் குடியுரிமை என்றது. 1826-க்குப் பிறகு ஆங்கிலேயன் பின்னால் வந்த தமிழனின் பேரப்பிள்ளைகள் இரண்டாந்தரச் சீட்டோடு நின்றார்கள். ரத்தவங்கிக்குத் தேவைப்பட்ட ரத்தமும் சட்டத்துக்கு ஆகாத ரத்தமும் ஒரே உடம்பில் ஓடின.

1988-க்கு இந்த அத்தியாயத்தில் தவிர்க்க முடியாத இடம் உண்டு. ஆகஸ்ட் 8 அன்று காலை ராணுவ ஆட்சியை எதிர்த்துத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அன்றிரவு நகரமன்றத்துக்கு எதிரே சுட ஆரம்பித்த ராணுவம் அடுத்த நாள்களிலும் நிறுத்தவில்லை. குண்டடிபட்டவர்களைத் தோளிலும் தள்ளுவண்டியிலும் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 10 அன்று படையினர் அந்த மருத்துவமனையை நோக்கியே சுட்டார்கள். காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்த செவிலியரும் மருத்துவரும் காயப்பட்டார்கள். அதே மருத்துவமனையில்தான் 1942-ல் செவிலியாக இருந்த டோ கின் சி, சிகிச்சைக்கு வந்த ஆங் சானைச் சந்தித்து மணந்தார். 1988-ல் பக்கவாதத்தில் விழுந்த அவரைக் கவனிக்க மகள் ஆங் சான் சூச்சி ஆக்ஸ்போர்டிலிருந்து வந்து தங்கியதும் அங்கேதான். ஆகஸ்ட் 24 அன்று சூச்சி முதன்முதலாகப் பொதுக்கூட்டத்துக்கு முன் சில நிமிடம் பேசியது அந்த மருத்துவமனை வாசலில். இரண்டு நாள் கழித்து ஷ்வேடகோன் மேற்கு வாசலில் பேசிய பேச்சைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு ஆஸ்பத்திரி வாசல் பெரிதாகப் படுகிறது. சுடுபவனுக்கு எதிராக முதலில் நின்றவர்கள் வெள்ளைச் சீருடைக்காரர்கள்.

சுட்ட அதே ராணுவ ஆட்சிதான் பின்னர் தானச் சட்டங்களையும் எழுதியது: 1996-ல் கண், 2003-ல் ரத்தம், 2004-ல் உடலுறுப்பு. இவற்றுக்கு முன்பே 1995-ல் யாங்கோன் பொது மருத்துவமனையில் முதல் சிறுநீரக மாற்று நடந்திருந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவமனையில் 1971-லேயே நடந்தது இது. கால் நூற்றாண்டு பின்தங்கல். சட்டங்கள் மோசமில்லை. ரத்தத்தை விற்பது குற்றம் என்றன, சோதிக்காத ரத்தத்தை ஏற்றக் கூடாது என்றன. ஆனால் அவற்றை நடத்த வேண்டிய மருத்துவமனைகளுக்குப் பணம் வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தெருமக்கள். 2001-ல் திரைப்பட நடிகர் சோ துவும் இயக்குநர் துக்காவும் இலவச ஈமச்சடங்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெட்டி வாங்கக் காசில்லாதவர்களின் பிணத்தைத் தூக்கிப்போக ஒரு சினிமாக் கதாநாயகன் முன்வந்த ஊர் அது. 2007-ல் பிக்குகளின் போராட்டத்தின்போது அவர்களுக்கு உணவளித்ததற்காக அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். இத்தகைய சங்கங்களைப் பர்மியர் பரஹித என்பார்கள். ஆம்புலன்ஸ், ரத்தம் ஏற்பாடு, பிணம் எடுத்தல் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

2021 பிப்ரவரி 1 ஆட்சிக்கவிழ்ப்புக்கு மறுநாளே அரசு மருத்துவர்கள் பணிக்கு வர மறுத்து வெளியேறத் தொடங்கினார்கள். சட்டையில் சிவப்பு நாடா. மார்ச் 3 அன்று வடக்கு ஒக்கலப்பாவில் ஆம்புலன்ஸ் தொண்டர்களைக் கீழே இறக்கித் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததைக் கண்காணிப்புக் காமிரா பதிவு செய்தது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது: ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. ரத்தம் கொடுக்க வருபவர்களின் வயதும் பெரும்பாலும் இதுதான். பையன்கள் தாய்லாந்துக்கு ஓடினார்கள்.

இனி கிட்னி. இறந்தவரிடமிருந்து கண்ணை எடுக்கச் சில மணிநேரம் அவகாசம் உண்டு; இதயம் நின்ற பிறகும் எடுக்கலாம். சிறுநீரகத்துக்கோ மூளைச்சாவு என்ற நிலையைத் தீர்மானிக்க வேண்டும், இதயம் துடிக்கும்போதே குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும், உடனே அறுக்க வேண்டும். இதற்கு வேண்டிய தீவிர சிகிச்சைப் பிரிவும் வண்டியும் ஒருங்கிணைப்பும் மியான்மரில் உருவாகவில்லை. சிவி ஜாதகம் கண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும், வென்டிலேட்டரைக் கொண்டுவராது. எனவே சிறுநீரகம் கெட்டவருக்கு உயிரோடு இருக்கும் உறவினர்தான் கதி. உறவில் பொருந்தவில்லை என்றால், பணமிருந்தால், இந்தியாவுக்கு விமானம்.

அங்கேதான் தரகர் வருகிறார். 2023 டிசம்பரில் லண்டன் டெலிகிராப் நாளிதழ், மியான்மரின் ஏழைக் கிராமத்தார் டெல்லிக்கு அழைத்துவரப்பட்டு, பணக்கார பர்மிய நோயாளிகளுக்குக் கிட்னி விற்பதாக விரிவான புலனாய்வை வெளியிட்டது. சம்பந்தப்பட்ட மருத்துவமனைக் குழுமம் குற்றச்சாட்டை முழுமையாக மறுத்தது. இந்திய அரசு விசாரிக்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு சி.என்.என். ஃபேஸ்புக்கில் கிட்னி விற்பதாகப் பதிவிடும் மியான்மர் மக்களைத் தேடிப் பேசியது. அப்போது நாட்டில் ஏறக்குறைய பாதிப்பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் கணக்கிட்டிருந்தது.

வேலை நடக்கும் விதம் நமக்குப் புதிதல்ல. 1994-ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி நெருங்கிய உறவினர் கொடுக்கலாம். உறவில்லாதவர் அன்பின் பேரில் கொடுக்க அனுமதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆகவே தரகர் உறவைத் தயாரிக்கிறார். குடும்ப மரம், பழைய புகைப்படம்போல எடுத்த புதுப் புகைப்படம், முத்திரை குத்திய சான்றிதழ், குழுவின் முன் சொல்ல வேண்டிய பதில்கள். பணம் கைமாறவில்லை என்று கையெழுத்து. கொடுப்பவரின் வாயிலிருந்து வர வேண்டிய சொற்கள் எல்லாம் பாரமி பேசும் பர்மியனுக்கு மனப்பாடம். அவன் பொய் சொல்வதுபோலவே தெரியாது.

இதைப் படித்துவிட்டு மியான்மரைப் பார்த்து உச்சுக்கொட்ட நமக்கு யோக்கியதை இல்லை. 1980-களில் சென்னை வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்று அழைத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் முகாமில் மீனவப் பெண்கள் வயிற்றுத் தழும்போடு நின்றார்கள். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னி விற்பனை வெளிவந்து, இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்புமாற்று உரிமத்தைத் தமிழக அரசு நிறுத்திவைத்தது. கந்துவட்டி, தரகர், போலிச் சான்றிதழ். மொகல் தெருவில் நெல்வயலை அடமானமாகக் கேட்டார்கள். பள்ளிபாளையத்துத் தறிக்காரனிடம் வயல் இல்லை.

1964-க்குப் பிறகு ரங்கூனிலிருந்து சென்னைக்குக் கப்பலேறிய தமிழர்களைச் சுங்க அதிகாரிகள் எப்படிச் சோதித்தார்கள், எதையெல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்பது அடுத்த இதழில்.